"லோடு எப்ப சார் முடியுது?" குடோன் துப்புரவுக்கு அட்டவணை போட்ட அனுபவம்

சென்னைக் குடோன்களில் பெரிய துப்புரவு என்றால் ஆயுத பூஜைதான். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் ரேக்குக்கு அடியில் கிடக்கும் பழைய அட்டை, அறுந்த ஸ்ட்ராப், சரக்கு அடுக்கும் உடைந்த மரத்தட்டு (பேலட்) எல்லாம் வெளியே வரும். தரையைக் கழுவி, மாவிலை கட்டி, ஃபோர்க்லிஃப்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்போம். எல்லாரும் ஒன்றாக இறங்கி வேலை செய்யும் அந்த நாட்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மாவும் ரவையும் வைத்திருக்கும் இடத்துக்கு ஆண்டுக்கு ஒரு பூஜை போதாது. மிச்ச நாட்களுக்கு எப்படித் திட்டம் போடுவது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் குடோன் மாதவரத்தில் இருக்கிறது. 20,000 சதுர அடி, தகரக் கூரை, மூன்று ஷட்டர். கோதுமை மாவு, ரவை, பிஸ்கட், மசாலா, டீத்தூள் ஒரு பக்கம். சோப்பும் சலவைத்தூளும் இன்னொரு பக்கம். வெளியூர் லாரிகள் ஜி.என்.டி. சாலை வழியாக வந்து சரக்கு இறக்கும். இங்கிருந்து குட்டியானைகளில் பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கடைகளுக்குச் சரக்கு போகும்.

பொதுவாகக் குடோன் சுவர்களில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். தினமும் பெருக்குவது, வாரம் ஒருமுறை துடைப்பது, மாதம் ஒருமுறை ஒட்டடை அடிப்பது. நேரம் என்ற கட்டத்தில் 'லோடு முடிந்ததும்' என்று இருக்கும். எங்களுக்கு ஒரு அட்டவணை எழுத உட்கார்ந்தபோது, பல வருஷமாக எங்களிடம் பெருக்கும் வேலை பார்க்கும் அக்காவிடம்தான் முதலில் கேட்டேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "லோடு முடிஞ்சதும் பெருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. லோடு எப்ப சார் முடியுது?"

முழு விஷயமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. குடோனில் துப்புரவுக்கு எதிரி சோம்பேறித்தனம் இல்லை, டெஸ்பாட்ச், அதாவது சரக்கு ஏற்றி அனுப்பும் வேலை. வண்டி வந்து நின்றுவிட்டால் துடைப்பத்தை வைத்துவிட்டு வழிவிட வேண்டும். மாசக் கடைசியில் பில்லிங் அவசரத்தில் வழிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது என்று யோசிப்பதற்கு முன், எந்த நேரத்தை யாரும் தொடாமல் விட்டுத் தருவார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதற்குக் கேட் ரிஜிஸ்டரே போதும். வாட்ச்மேன் எழுதும் அந்த நோட்டில் எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று எல்லாம் இருக்கிறது. சில மாதப் பக்கங்களைப் புரட்டி மணிவாரியாகக் கோடு போட்டுப் பார்த்தால் படம் தெளிவாகத் தெரியும். எங்களுக்கு வெளியூர் லாரிகள் இரவும் விடிகாலையும் வந்து இறக்குகின்றன. குட்டியானைகள் காலை பத்தரைக்குள் கிளம்பிவிடும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கேட் கிட்டத்தட்ட அமைதி. மாதத்தின் முதல் வாரமும் அப்படித்தான், கடைக்காரர்கள் மாசக் கடைசியில் ஏற்றிய சரக்கை விற்றுக்கொண்டிருப்பார்கள். அமாவாசை அன்று பூஜை முடித்துத்தான் பலர் வண்டி எடுப்பார்கள் என்பதால் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடைக்கும். இந்த மூன்று இடைவெளிகளையும் எடுத்துக்கொண்டோம். அன்றாட வேலை மதியம், மாத வேலை முதல் வாரம், ரேக் அடித்தட்டு வேலை அமாவாசைக் காலை. உங்கள் குடோன் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இருந்தால் நேரம் வேறாக இருக்கும். தொழிற்சாலை ஷிஃப்டுக்கு ஏற்றபடி வண்டி ஓடும் இடம் அது. உங்கள் ரிஜிஸ்டரைப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏப்ரல் மத்தியிலிருந்து ஜூன் வரை மதிய நேரத்தை விட்டுவிட வேண்டும். கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே மாப் பிடிக்கச் சொல்வது மனிதரிடம் கேட்கக்கூடாத வேலை. அந்த மாதங்களில் காலை ஆறரைக்கு மாற்றிவிடுகிறோம், அக்காவும் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

சரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை? 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 11-ஆவது பிரிவு சுத்தத்தைப் பற்றியது. குப்பையைத் தினமும் அகற்று, வேலை செய்யும் அறையின் தரையை வாரம் ஒருமுறையாவது, தேவைப்பட்டால் கிருமிநாசினி கலந்து, கழுவு, சுவருக்கு 14 மாதத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடி என்று அதில் இருந்தது. குடோனுக்கு அப்படியே பொருந்தாது, அட்டைப்பெட்டி அடுக்கிய இடத்தில் வாராவாரம் தண்ணீர் ஊற்ற முடியாது. ஆனாலும் அதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் அதற்கென்று ஒரு காலக்கெடு. அந்தக் கெடுவை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில், அழுக்கு என்ன செய்கிறது, எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்று பார்ப்பதுதான்.

மாவு வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பழுப்பு நிறத்தில், அரிசிமணியை விடச் சின்னதாக இருக்குமே, அது. நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மூட்டையில் ஒரு சின்னக் கிழிசல், ரேக் காலின் அடித்தகட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கைப்பிடி மாவு. அது போதும் அதற்கு. ஒரு மாதத்துக்கு மேல் அந்த மாவு அங்கேயே கிடந்தால் அடுத்த தலைமுறை பக்கத்து மூட்டைக்கு ஏறிவிடும். ஒரு மாதத்துக்குள் அதை எடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடுகிறது. அமாவாசைக்கு அமாவாசை சுமார் 29 நாள். ரேக் அடித்தட்டு வேலையை அமாவாசையில் வைத்ததற்கு இதுதான் காரணம். மாவு அடுக்கும் முதல் இரண்டு சந்துகளுக்கு (ரேக் வரிசைகளுக்கு நடுவே இருக்கும் வழி) மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அமாவாசையும் பௌர்ணமியும். சோப்புப் பக்கத்துக்கு அந்த அவசரம் தேவையில்லை. கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கும் சந்துக்கும் மாவுச் சந்துக்கும் ஒரே கெடு எழுதுவது இரண்டுக்குமே நியாயம் இல்லை.

கொசுவுக்குக் கணக்கு வேறு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். அதனால்தான் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டச் சொல்கிறார்கள். குடோனில் தண்ணீர் தேங்கும் இடங்கள் வெளியில்தான் இருக்கின்றன. மடித்துப் போட்ட தார்ப்பாயின் குழி, ஓரமாகச் சாய்த்து வைத்த பழைய டயர், செக்யூரிட்டி அறைக்கு மேலே கிடக்கும் பெயின்ட் டப்பா, ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி. கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்க்கவும் வேண்டும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சனிக்கிழமை மதியம் வாட்ச்மேனும் ஒரு பையனும் ஒரு சுற்று சுற்றி இந்த வேலையை முடித்துவிடுகிறார்கள். கால் மணி நேரம்கூட ஆகாது.

எலிக்கு நாள் கணக்கே கிடையாது, அன்றாடம் பார்க்க வேண்டும். ஆனால் பார்ப்பதற்கு இடம் வேண்டும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வெள்ளைக் கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு பெட்டியும் வைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். இந்தக் கோட்டுக்காக மேஸ்திரி அண்ணனோடு ரொம்ப நாள் பேசவேண்டியிருந்தது. "இம்மா எடம் சும்மா போகுதே சார்" என்பார். சுற்றுச்சுவர் நெடுக இரண்டடி என்றால் நிறையப் பேலட் இடம் போகிறது, அது உண்மைதான். ஆனால் அந்த இரண்டடி இருந்தால்தான் எலிப் புழுக்கை தெரியும், கரையான் மண்கோடு தெரியும், சுவர் ஓதம் தெரியும், ஆள் உள்ளே போய்ப் பெருக்க முடியும். இப்போது அவரே கோட்டைத் தாண்டிய பெட்டியைப் பார்த்தால் சத்தம் போடுகிறார்.

புழுக்கையைக் கண்டால் உடனே துடைப்பம் எடுக்கக் கூடாது. காய்ந்த புழுக்கையைப் பெருக்கினால் தூசியாகப் பறந்து மூச்சில் போகும். கையுறை போட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, காகிதத்தால் துடைத்தெடுத்துக் கவரில் கட்டிப் போட வேண்டும். அந்த பிளீச் கலந்த வாளியில் கழிவறை ஆசிட்டை ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. எங்கள் சாமான் அறையில் இரண்டையும் தனித்தனி அலமாரியில், தனித்தனி நிற வாளியோடு வைத்திருக்கிறோம். எலி மருந்து விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்தபிறகு குடோனுக்குள் மருந்தே வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். பொறியும் பசைத்தட்டும் வைத்து, ஷட்டர் அடி இடைவெளிகளையும் குழாய் நுழையும் ஓட்டைகளையும் அடைத்தோம். ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை இருந்தால் எலி நுழைந்துவிடும்.

இனி எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் முறை தப்பாக இருந்தால் கெடு சரியாக இருந்தும் பயனில்லை.

குடோன் தரையில் காய்ந்த துடைப்பத்தை வீசினால் தூசி எழும்பி, அரைமணி நேரம் காற்றில் நின்று, மேல்தட்டுப் பெட்டிகளின் மேல் படியும். மறுநாள் கடைக்காரர் கையில் அந்தத் தூசிதான் ஒட்டும். எங்கள் அக்கா பழைய முறை ஒன்றைச் செய்வார். சா மில்லிலிருந்து ஒரு மூட்டை மரத்தூள் வாங்கி வைத்திருப்போம். ஒரு முறம் மரத்தூளில் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் பிசைவார். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் கையில் தண்ணீர் வடியக் கூடாது, அதுதான் பதம். அதைச் சந்தின் உள்கோடியில் ஒரு கோடாகக் கொட்டி, அகலத் துடைப்பத்தால் வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே வருவார். உள்ளே வெளிர் மஞ்சளாக இருந்த மரத்தூள் வாசலுக்கு வரும்போது கறுத்திருக்கும். தூசி ஒரு சாண்கூட எழும்பாது. எண்ணெய் சிந்திய இடத்துக்கும் இதே மரத்தூள்தான், காய்ந்ததாகப் போட்டு ஒரு மணி நேரம் விட்டு அள்ளலாம். அள்ளிய எண்ணெய்த் தூளை அட்டைக் குப்பையோடு சேர்க்காமல் மூடி போட்ட தகர டின்னில் வைக்க வேண்டும், தீப்பிடிக்கும் சாமான் அது. வசதி இருக்கும் இடங்களில் தேய்த்து உறிஞ்சும் ஸ்க்ரப்பர் மெஷின் வாங்கிவிடுகிறார்கள், நல்ல விஷயம். மெஷின் போகாத மூலைகளுக்கு அங்கேயும் மரத்தூள்தான் உதவும்.

வேலை மேலிருந்து கீழே போக வேண்டும், உள்ளிருந்து வாசலுக்கு வர வேண்டும். சொல்லும்போது சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஒட்டடை அடிப்பவரும் தரை துடைப்பவரும் வேறு வேறு நாளில் வந்தால் தினம் தினம் இது தலைகீழாகத்தான் நடக்கும். அதனால் அட்டவணையில் 'ஒட்டடை' என்று ஒரு நாள், 'தரை' என்று ஒரு நாள் பிரிக்கவில்லை. சந்து சந்தாகப் பிரித்தோம். ஒரு சந்தை எடுத்தால் மேல் பீம், விளக்கு, தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளர் குழாய், ரேக் தட்டு, கடைசியில் தரை. முடித்துவிட்டுத்தான் அடுத்த சந்து. ஸ்ப்ரிங்க்ளர் தலையில் துடைப்பம் படவே கூடாது, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். அதற்குக் கீழே ஒன்றரை அடிக்குள் பெட்டி உயர்ந்திருந்தால் அன்றைக்கே இறக்கச் சொல்லலாம், தண்ணீர் விரிந்து பரவ அவ்வளவு இடமாவது வேண்டும்.

ஃபினாயில் பற்றி ஒரு வார்த்தை. வாசனை வந்தால்தான் சுத்தம் என்று நம்மில் பலருக்கு ஒரு எண்ணம். டீத்தூளும் மாவும் பிஸ்கட்டும் பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். டீத்தூளில் ஃபினாயில் வாசனை ஏறிவிட்டால் அந்தச் சரக்கைத் திரும்ப எடுப்பதைத் தவிர வழியில்லை. உணவுப் பக்கத்துக்கு வாசனையில்லாத திரவம் மட்டும்தான். சோப்புப் பக்கத்துத் துடைப்பமும் மாப்பும் உணவுப் பக்கம் வரக்கூடாது. கைப்பிடியில் பச்சை டேப், சிவப்பு டேப் சுற்றி வைத்தால் புதிதாக வேலைக்கு வரும் பீகார், ஒடிசா தம்பிகளுக்கும் சொல்லாமலே புரிகிறது.

ஃபோர்க்லிஃப்ட் சார்ஜ் போடும் மூலையில் பேட்டரி ஆசிட் சொட்டும். அங்கே தண்ணீர் ஊற்றித் தள்ளினால் ஆசிட் பரவும், தரை அரிக்கும். ஆப்பசோடாவைத் தூவினால் நுரைக்கும். இனிமேல் தூவினாலும் நுரைக்கவில்லை என்றால் ஆசிட் முறிந்துவிட்டது, அப்புறம் துடைக்கலாம். ஒரு டப்பா ஆப்பசோடாவும் ரப்பர் கையுறையும் கண் கண்ணாடியும் அந்தச் சுவரிலேயே மாட்டியிருக்கின்றன.

இப்போது மழை. சென்னையில் குடோன் நடத்துபவருக்கு ஆண்டு என்பது ஜனவரியில் தொடங்குவதில்லை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், பின் என்றுதான் பிரிகிறது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதுவும் சில நாட்களிலேயே. அட்டவணையில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் கூரைத் தண்ணீர்க் கால்வாயைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்தில் ஓடுகிற தகரக் கால்வாயில் வேப்பிலை, புறா எச்சம், கூட்டுக்குச்சி, மாஞ்சா நூல் எல்லாம் சேர்ந்து இறுகிப்போய் இருக்கும். இறங்கு குழாயின் வாய் அடைத்தால் தண்ணீர் உள்பக்கமாகத்தான் வழியும், நேராக ரேக்கின் மேல்தட்டில். ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை, அக்டோபர் முதல் வாரத்தில் ஒருமுறை, முதல் பெரிய மழை முடிந்த மறுநாள் ஒருமுறை என்று மூன்று முறை வைத்திருக்கிறோம். மூன்றாவதுதான் பலருக்குத் தோன்றாதது. கூரை முழுக்கக் கிடந்த குப்பையை முதல் மழைதான் அடித்துக்கொண்டு வந்து கால்வாயில் சேர்க்கிறது.

கூரையில் ஏறுவதற்குக் குடோன் பையன்களை அனுப்புவதில்லை. வெளிச்சத்துக்காகப் போட்டிருக்கும் ஃபைபர் ஷீட் வெயிலில் மக்கி, தூசி படிந்து, தகர ஷீட்டிலிருந்து வித்தியாசம் தெரியாமல் போயிருக்கும். அதில் கால் வைத்தால் முப்பது அடி கீழே தரை. பெல்ட், கயிறு, நடப்பதற்குப் பலகை எல்லாம் கொண்டுவரும் ஆட்களைத்தான் கூப்பிடுகிறோம். காசு கூடத்தான் ஆகும். கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே பேச்சுதான், மெஷின் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அதை ஒருவரிடம் கேட்கக் கூடாது.

மழை மாதங்களில் உள்ளே தண்ணீர் போட்டுத் துடைப்பதை அடியோடு குறைத்துவிடுகிறோம். வெளியே ஈரக்காற்று, உள்ளே தரை காய மணிக்கணக்கில் ஆகும், அந்த ஈரம் அட்டைப்பெட்டிக்குப் போகும். அடிப்பெட்டி நமுத்தால் மேலே இருக்கும் எட்டுப் பெட்டியும் சாயும். அந்தக் காலத்தில் மரத்தூளும் காய்ந்த மாப்பும் போதும். ஷட்டர் வாசலில் மட்டும் சாக்கும் ரப்பர் மிதியடியும் போட்டு, தினமும் இரண்டு முறை மாற்றுகிறோம். லாரி டயரும் லோடுமேன் கால்களும் கொண்டுவரும் சேற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டால் உள்வேலை பாதியாகக் குறைகிறது.

வெள்ளம் வந்துவிட்டால் அட்டவணையெல்லாம் அப்புறம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எர்ணாவூரில் ஒரு நண்பரின் குடோனில் தண்ணீர் புகுந்தது. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து வந்த நாட்கள் அவை. தண்ணீர் வடிந்ததும் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. எங்கள் ஆட்களும் போய் உதவினார்கள். அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதலில் மெயின் சுவிட்ச் நிறுத்தியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் இருந்து தேங்கிய நீரிலும் சேற்றிலும் வாரக்கணக்கில் இருக்கும், காலில் சின்ன வெட்டு இருந்தாலே உள்ளே போய்விடும். வேலை செய்த யாருக்காவது அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் "வெள்ளத் தண்ணியில நின்னேன்" என்று டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். சேறு காய்வதற்குள் தள்ளிவிட வேண்டும், காய்ந்தால் கல்லாகிவிடும். எண்ணெய்ப் படலத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவமும் பிரஷ்ஷும்தான், வெறும் தண்ணீர் அதை இன்னும் பரப்பும். அதன்பிறகுதான் பிளீச்சிங் பவுடர். சேற்றின் மேலேயே பவுடர் தூவுவதால் ஒரு பயனும் இல்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் இன்னொரு தனி வேலை: கூரையிலும் காம்பவுண்டிலும் அட்டை, பெட்டிகளைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் (ஸ்ட்ரெச் ராப்), காய்ந்த இலை எதுவும் இருக்கக் கூடாது. ராக்கெட் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. காயலான் கடைக்காரரை வாரம் இரண்டு முறை வரச்சொல்லி நாள் குறித்திருக்கிறோம். வந்து எடுக்காவிட்டால் குப்பையே ஒரு அடுக்குச் சரக்காகிவிடும். போகிக்கு முன்னும் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறோம், வாசலில் எரிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

ஆட்கள் விஷயம். 'துப்புரவு' என்று பெயர் போட்டு அக்கா தலையில் எல்லாவற்றையும் கட்டினால் நடக்காது. ஒவ்வொரு ஷட்டருக்கும் அங்கே ஏற்றி இறக்கும் லோடுமேன் குழுவே பொறுப்பு. வண்டி கிளம்பியதும் ஐந்து நிமிஷம், கிழிந்த அட்டை, சிந்திய சரக்கு, ராப் துண்டு. கிழிந்த மூட்டையைப் பார்த்தவர் அப்போதே டேப் போட்டு, சிந்தியதை அள்ள வேண்டும். மதியம் வரை காத்திருக்கக் கூடாது. இதற்கு ஷட்டர் பக்கத்திலேயே துடைப்பமும் முறமும் தொங்க வேண்டும். சாமான் அறைக்கு நூறு அடி நடக்கச் சொன்னால் யாரும் நடக்கமாட்டார்கள், அதில் அவர்கள் மேல் தப்பும் இல்லை. குட்டியானை உள்ளே வந்ததும் முதலில் அதன் தரையைப் பார்ப்பதும் இவர்கள் வேலைதான். நேற்று மீன் ஏற்றிய வண்டியில் இன்று பிஸ்கட் ஏற்ற முடியாது.

அக்காவுக்கும் அவருடன் இருக்கும் இன்னொருவருக்கும் கையுறை, மாஸ்க், தண்ணீர் புகாத செருப்பு, டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்பது, இதெல்லாம் அட்டவணையிலேயே ஒரு வரியாக இருக்கிறது. தனியாக ஞாபகம் வைத்துக்கொள்வோம் என்றால் மறந்துபோகும்.

அட்டவணைத் தாள் ஒரே பக்கம்தான். இடதுபக்கம் இடம், அடுத்து வேலை, கெடு, ஆள். டிக் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் 'நடக்கவில்லை என்றால் ஏன்' என்று ஒரு கட்டம். அதில்தான் உண்மை வரும். டிக் மட்டும் இருந்தால் எல்லா நாளும் டிக் இருக்கும். 'லாரி நின்றது', 'மரத்தூள் தீர்ந்துவிட்டது', 'ஆள் லீவு' என்று எழுதினால் யார்மீதும் கோபப்படுவதில்லை என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம், அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்கிறோம். மாதக் கடைசியில் மேஸ்திரி அண்ணன், அக்கா, நான் மூவரும் அந்தக் கட்டத்தை மட்டும் படிக்கிறோம். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் மாற்ற வேண்டியது நேரத்தை. இரண்டாவது ஷட்டர் பக்கம் மதிய வேலை அடிக்கடி நின்றதற்கு ஒரே லாரிதான் காரணம் என்று அப்படித்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் காலைக்கு மாற்றினோம்.

போன முறை உட்கார்ந்தபோது அக்கா புதிதாக ஒரு இடம் சொன்னார். ஷட்டர் வாசலில் லாரி மட்டத்துக்கு ஏறி இறங்கும் டாக் லெவலர் தகட்டுக்கு அடியில் இருக்கும் குழி. பேலட் ஒவ்வொரு முறை ஏறும்போதும் கொஞ்சம் மாவு அதில் உதிர்கிறது, மழைத்தண்ணீரும் இறங்குகிறது, அட்டவணையில் அது இல்லவே இல்லை. இப்போது சனிக்கிழமைச் சுற்றில் சேர்த்தாயிற்று. தகட்டைத் தூக்கி, மெயினை அணைத்து, முட்டுக்கம்பி போட்டதை மேஸ்திரி அண்ணன் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் யாரும் கீழே கை நீட்டலாம். அதையும் அந்த வரியிலேயே எழுதிவிட்டோம்.